கடைசிப் பாரா

செத்துப்போன மனிதரிடம் அவருடைய இரங்கல் செய்தியை நீட்டி, அவர் கையாலேயே திருத்தி வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் வாங்கியவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். அதுவும் சாதாரண ஆளிடம் இல்லை. ஒரு நாட்டுக்கே தூதராகப் போய் வந்தவரிடம். சித்ரகுப்தனுக்கே இது கொடுத்துவைக்கவில்லை. அவர் கையெழுத்து வாங்காமல்தான் ஆளைத் தூக்குகிறார்.

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் என்னோடு நடக்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நடையைத் தொடர்வார்கள். “ஏகநாதன் சொன்னா பத்தால வகுத்துக்கணும்” என்பது அங்கே நெடுநாள் சட்டம். அந்த ஏரியில் நான் பிடித்த விரால் மீனுக்கு அரை டிக்கெட் எடுக்கச் சொல்லி டவுன் பஸ் கண்டக்டர் மல்லுக்கு நின்ற கதையை அவர்கள் ரசித்தார்கள். நம்பினார்களா என்று நானும் கேட்கவில்லை. கதை கேட்கிறவனுக்குச் சந்தோஷம், சொல்கிறவனுக்கு அதைவிடச் சந்தோஷம். நடுவில் உண்மைக்கு என்ன வேலை?

ஒரே ஒருத்தன்தான் இதற்கு ஒத்துவரமாட்டான். மொஹ்சின். மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அந்த மீன் கதையைச் சொன்ன அன்று கல்லாவுக்கு அடியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என் கையில் கொடுத்து, “எவ்ளோ நீளம், காட்டுங்க அங்கிள்” என்றான். காட்டினேன். “இது மீன் இல்ல, படகு” என்றான். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டான். அவன் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான் ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்துநராக இருந்தேன். நான் திருத்திய பிழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பல்லாவரம் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பும். அதே பத்திரிகையில் நிருபராக இருந்தவர் தேவானந்தம். எழுத்தில் நெருப்பு, கையில் சிகரெட், காலில் எப்போதும் பாலிஷ் போட்ட ஷூ. இரண்டு வருஷம் ராத்திரி டெஸ்க்கில் உட்கார்ந்து பக்கம் கட்டியும் பழகியவர். செய்தியை எழுதவும் தெரியும், எழுதிய செய்தி எப்படி அச்சுக்குப் போகிறது என்பதும் தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

1985 கோடையில் நான் அனகாபுத்தூரில் வாடகைக்குக் குடியிருந்தேன். எதிர்வீடு மைதீன் பிச்சை. அங்கிருந்த ஒரு தோல் பதனிடும் ஆலையில் எழுத்தர். ஆலையில் இரண்டு ரிஜிஸ்டர். அதிகாரிகள் வந்தால் காட்ட ஒன்று; அடையாற்றில் நிஜமாகவே எத்தனை தொட்டிக் கழிவு திறந்துவிடப்பட்டது என்பதற்கு ஒன்று. இரண்டையும் அழகான கையெழுத்தில் எழுதியவர் பிச்சைதான். அவர் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டது. மறுநாள் அவர் சாப்பாட்டுப் பையில் அந்த இரண்டாவது ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். “உங்க பேப்பர்ல யார்ட்டயாவது சேத்துடுங்க ஏகநாதன்” என்றார்.

தேவானந்தத்திடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐந்து நாள் தொடராகச் செய்தி வந்தது. ஆலைக்குப் பூட்டு விழுந்தது. முன்னூறு குடும்பம் தெருவுக்கு வந்தது. முதலாளி சும்மா இருப்பாரா? “என் எழுத்தன் ரிஜிஸ்டரைத் திருடி, காசுக்கு விற்றுவிட்டான்” என்று விசாரணையில் சொன்னார். தேவானந்தத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, “செய்தி தந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். என் தலையை வெட்டினாலும் சரி” என்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம். அந்தத் தலையை எவரும் வெட்ட வரவில்லை, அது வேறு விஷயம்.

பிச்சை அவரைப் போய்ப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். “சார், என் பேரு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி மறைக்க ஒண்ணும் இல்ல. நான் காசு வாங்கலன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று கெஞ்சினார்.

“ஒரு வார்த்தை சொன்னா அடுத்த வார்த்தையையும் கேப்பாங்க பாய். இது தொழில் தர்மம். உங்களுக்குப் புரியாது.”

பிச்சைக்குப் புரியவில்லைதான். எட்டு மாசம் கழித்து எனக்குப் புரிந்தது. அந்த ஆலை முதலாளி எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுப்பாரோ, அதே கட்சியில் தேவானந்தத்துக்குச் சீட்டு கிடைத்தது. பிறகு எம்.எல்.ஏ., பிறகு டெல்லியில் எம்.பி., கடைசியில் தூதர். வரைபடத்தில் கொசு உட்கார்ந்தால் மறைந்துபோகும் ஒரு தீவு நாடு. ஆனால் கொசுவுக்கும் கொடி உண்டல்லவா, கார் முன்னால் அது பறந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. எதற்கு? செய்தி தந்தவரைக் காட்டிக்கொடுக்காத வீரத்துக்கு. அந்தச் செய்தி எங்கள் பேப்பரில் வந்தபோது பிழை திருத்தியவன் நான். ஒரு பிழையும் இல்லை. அச்சுப்பிழை இல்லை என்று சொல்கிறேன்.

செய்தி தந்தவர் அதே நாளில் பல்லாவரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஆலை மூடியதால் வேலை போனவர்கள் அவரை மன்னிக்கவில்லை. ஆற்றுக்காகச் செய்தார் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார்கள். காசுக்குச் செய்தார் என்றதும் ‘விலைபோனவன்’ என்று பேர் வைத்தார்கள். அவர் மகன் மொஹ்சினுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘விலைபோனவன் மவன்’. அந்த மாசம் பார்த்து வீட்டுக்கு ஒரு சீலிங் ஃபேன் வந்து தொலைத்தது. “அது எங்கிருந்து வந்துச்சு?” என்று பையன் கேட்டான். பிச்சையின் மனைவி பரிதா தன் வளையலை விற்று வாங்கியது. சொன்னார்கள், அவன் நம்பவில்லை. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனான். அம்மாவை வந்து பார்ப்பான், அப்பாவிடம் பேசமாட்டான். 2004-ல் பிச்சை இறந்தபோது ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க எல்லாரும் ஓடினார்கள். அவன் தோள் கொடுக்கவில்லை. நான் பார்த்தேன். பரிதாவும் பார்த்தார்.

அன்றைக்குப் பரிதா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பேப்பர்ல வந்துதானே அண்ணே அவரு பேரு கெட்டுச்சு. பேப்பர்லயே ஒரு வரி வரணும். காசு வாங்கலன்னு. அத எம்மவன் படிக்கணும்.”

நான்கு வருஷம் அந்த ஒரு வரியை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். பத்திரிகை அலுவலகமே எனக்கு வழி காட்டியது.

பெரிய மனிதர்கள் படுக்கையில் விழுந்ததும் இரங்கல் செய்தியை எழுதித் தயாராக வைத்துக்கொள்வது பத்திரிகை வழக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் போய்விட்டால் அப்போது உட்கார்ந்து யார் எழுதுவது? எங்கள் ஆபீசில் அவற்றை வைக்கும் இழுப்பறைக்கு எமன் டிராயர் என்று பேர். ஓய்வுபெற்ற பிறகு அதைத் தூசு தட்டிப் புதுப்பிக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். 2008 அக்டோபரில் டெஸ்க் தலைவர் ஜெபராஜ் போன் செய்தார். “சார், தேவானந்தம் வந்து மேடவாக்கத்துல பொண்ணு வீட்ல இருக்கார். வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். அவர் மேட்டரைக் கொஞ்சம் ரெடி பண்ணிடுங்க.”

ரெடி பண்ணினேன். மூன்று பக்கம். இரண்டாவது பாராவிலேயே வைத்தேன்: ‘இந்தப் புலனாய்வுக்கு ஆதாரமான ரிஜிஸ்டரை அவரிடம் தந்தவர் அனகாபுத்தூர் மைதீன் பிச்சை. ஊர் நன்மைக்காகவே தந்தார். அதற்காக ஒரு பைசாவும் பெறவில்லை.’

என் வாக்கை மட்டும் நம்பி ஆபீஸ் இதைப் போடாது. சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போய்விட்டேன். இப்படி ஒரு யோசனை வேறு எந்தப் பிழை திருத்துநர் மண்டையிலாவது உதிக்குமா? உதிக்காது. எல்லாருக்கும் மண்டை ஒரே அளவிலா இருக்கிறது?

மேடவாக்கத்தில் அந்த அடுக்குமாடி வாசலை இரண்டு தண்ணீர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் என் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நுழைந்தேன். நாலாவது மாடியில் தேவானந்தம் ஈசிசேரில் இருந்தார். முகம் காய்ந்த எலுமிச்சம்பழம். ஷூ மட்டும் பாலிஷோடு. வீட்டுக்குள்ளேயே ஷூ!

“வாய்யா ஏகநாதா,” என்றார். “எமன் டிராயர் வேலை உன்கிட்டதான் இருக்காமே. அளவெடுக்க வந்தியா?”

“அளவெடுத்துத் தைச்சே கொண்டாந்துட்டேன் சார். போட்டுப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் கோபப்படவில்லை. பத்திரிகைக்காரர் ஆயிற்றே, தன் மரணமும் அவருக்கு அச்சுக்குப் போகிற ஒரு காப்பிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்திலேயே, “எழுபத்திரண்டு இல்லய்யா, எழுபத்தொண்ணு. செத்த பிறகும் ஒரு வயசு ஏத்தணுமா?” என்று அடித்துத் திருத்தினார். பச்சை மை. அதிகாரிகள் போடுகிற பச்சை மையை அவர் இன்னும் விடவில்லை. பிறகு இரண்டாவது பாராவுக்கு வந்தார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

“பாய் இருக்காரா?”

“மௌத்தாகி நாலு வருஷம் ஆச்சு சார்.”

“ஓ.” அவ்வளவுதான். ஜன்னலைப் பார்த்தார். “எழுதலாம்யா. தப்பில்ல. நான் போனப்புறம் எனக்கென்ன ரகசியம், எனக்கென்ன தர்மம்? ஆனா இங்க வேண்டாம்.”

“ஏன் சார்?”

“ரெண்டாவது பாராவுல போட்டா, கூட்டத்தோட கூட்டமாப் போயிடும். அடுத்து எம்.பி. ஆனது, தூதர் ஆனதுன்னு படிச்சு ஜனங்க மறந்துடுவாங்க. கடைசியில வை. கடைசி வரிதான்யா படிக்கிறவன் மனசுல நிக்கும்.”

சொல்லிக்கொண்டே அந்த மூன்று வாக்கியத்தையும் வட்டமிட்டு, அங்கிருந்து ஒரு அம்புக்குறியைப் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டுபோய், மூன்றாம் பக்கத்தின் அடியில் கொண்டு சேர்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மனுஷன் கடைசியில் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அறுபத்தைந்து வயதில் இப்படி நினைத்தேன்.

அங்கிருந்து நேராக மொஹ்சின் கடைக்கு. நான் பஸ்ஸில் போகவில்லை, பறந்தே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாசம் தாம்பரத்தில் தினம் கரண்ட் கட். கடையில் மெஷின் எல்லாம் செத்துக் கிடந்தன. மொஹ்சின் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஒரு காப்பி எடுடா. உங்க அத்தா பேரு இதுல இருக்கு” என்று நீட்டினேன்.

வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். ஒருமுறை இல்லை, மூன்று முறை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். விரலால் பச்சை மையைத் தேய்த்துப் பார்த்தான்.

“இத நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீங்க அங்கிள்.”

“அடப்பாவி! தூதர் கையெழுத்துடா!”

“மீனையே படகாக்கின ஆள் நீங்க. கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆகும். இருக்கீங்களா?”

இருந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “பேப்பர்ல வரும்போது படிச்சுக்கோ” என்று அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரயிலேறி, ஆபீசில் ஜெபராஜ் மேஜையில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மறுநாள் அனகாபுத்தூர் போய்ப் பரிதாவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, “எப்ப வரும் அண்ணே?” என்றார்.

நான் தலையைச் சொறிந்தேன். “அது… அவர் போனப்புறம்தான்மா.”

பரிதா யோசித்தார். “அப்ப, அவரு நல்லாருக்கணும்னு துவா கேக்கறதா, வேணாமான்னு தெரியலியே அண்ணே.”

அந்த அம்மாள் ஐந்து வேளையும் அவர் நலத்துக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறார். பிற்பாடு சொன்னார்.

பரிதா சந்து முழுக்கச் சொல்லிவிட்டார், பேப்பரில் வரப்போகிறது என்று. எதிர்வீட்டுக் கங்கையம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார். கங்கையம்மாளின் புருஷனுக்கு அந்த ஆலையில்தான் வேலை போயிற்று. அதன்பிறகு குடித்தே போய்ச் சேர்ந்தான். அந்த ஆத்திரத்தை அவர் இருபத்து மூன்று வருஷம் சூடு ஆறாமல் வைத்திருந்தார். “வரட்டும், பாக்கலாம்” என்றார்.

பிப்ரவரியில் தேவானந்தம் போனார். சாயங்காலம் டி.வி.யில் சொன்னார்கள். மறுநாள் விடிகாலை நான் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் இடத்தில் நின்றேன். முதல் பிரதி என் கையில்தான் விழுந்தது. ஆறாம் பக்கம். படம், பெயர், எழுபத்தொன்று என்று வயது. ஐந்து நாள் தொடர், விசாரணை, ‘தலையை வெட்டினாலும்’. எம்.எல்.ஏ., எம்.பி., தூதர், டாக்டர் பட்டம். கண் கீழே ஓடியது. டாக்டர் பட்டத்துக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கால் பக்கத்துக்கு அவர் கட்சியின் கண்ணீர் அஞ்சலி விளம்பரம்.

அவ்வளவுதான்.

ஆபீசுக்கு ஓடினேன். ஜெபராஜ் ராத்திரி வேலை முடித்து, பிளாஸ்கிலிருந்த கடைசி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“பத்தரைக்கு விளம்பரம் வந்துது சார். இடம் இல்ல. வாலை வெட்டிட்டோம்.”

“அந்தக் கடைசிப் பாரா…”

“கடைசிப் பாராதானே சார் முதல்ல போகும். உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியாததா! முப்பத்தாறு வருஷம் பார்த்தேன். பக்கம் கட்டும்போது இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். படித்துப் பார்த்துக்கூட வெட்டமாட்டார்கள், அளந்து வெட்டுவார்கள். அதனால்தான் முக்கியமானதை மேலே எழுது என்று புதிதாக வரும் நிருபருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு வருஷம் டெஸ்க்கில் பக்கம் கட்டிய தேவானந்தத்துக்கு இது நன்றாகத் தெரியும். தான் போனால் கட்சி விளம்பரம் வரும் என்பதும் தெரியும். பச்சை அம்புக்குறி என் கண்முன்னால்தான் நகர்ந்தது, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிச்சையிடம் சொன்ன மறுப்பை எனக்கு அவர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். தூதர் அல்லவா.

கையெழுத்துப் போட்ட தாள் எங்கே என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் அடித்ததும் அது குப்பைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் வெட்டியதுதான் மிச்சம். “மறுநாள் ஒரு விடுபட்ட செய்தியா போடுங்களேன்” என்றேன். ஜெபராஜ் நல்ல மனிதர், தோளில் கைவைத்தார். “ஆதாரம் வேணும் சார். நீங்க சொல்றீங்கன்னு சொல்லி ஆசிரியர்கிட்ட போனா…” முடிக்கவில்லை. பத்தால் வகுக்கும் சட்டம் ஆபீஸ் வரைக்கும் அமலில் இருந்திருக்கிறது.

அன்று மத்தியானம் மொஹ்சின் செம்பாக்கத்துக்கே வந்துவிட்டான். வாசலிலேயே நின்றான்.

“எங்கம்மா அஞ்சு பேப்பர் வாங்கி வெச்சிருக்காங்க. இல்லாத வரியப் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடறாங்க. போதுமா அங்கிள்?”

“நீதானேடா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தே? கையெழுத்து இருந்ததா இல்லியா?”

“பச்சை இங்க் என் கடையிலயே கிடைக்கும், பத்து ரூபா.” அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “இனிமே எங்கம்மாகிட்ட எந்தக் கதையும் கொண்டுவராதீங்க.”

நான் பேசுவதை நிறுத்தினேன். நம்புங்கள், ஐந்து வாரம் நிறுத்தினேன். ஏரிக்கரைக் கூட்டம் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து டாக்டர் பெயரெல்லாம் சொன்னார்கள்.

ஐந்து வாரம் கழித்து பிச்சையின் நினைவுநாளுக்கு ஓதும் வருஷப் பாத்திஹா வந்தது. பரிதா ஆள் அனுப்பியிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. சந்தில் ஒரு பந்தல், பத்துப் பதினைந்து பேர். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி முடித்துக் கிளம்பியதும் பரிதா எல்லார் தட்டிலும் நெய்ச்சோறு வைக்கச் சொன்னார். மொஹ்சின் சட்டிக்கு முன்னால் கரண்டியோடு நின்றான். அப்பா பாத்திஹாவுக்கு அவன் வந்து பரிமாறுவது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்காக வந்திருப்பான் என்று நினைத்தேன்.

கங்கையம்மாளும் தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு வாய்க்குள் போகும் முன்னே கேள்வி வெளியே வந்தது.

“இன்னா பாய்ம்மா, பேப்பர்ல வர்து வர்துன்னு சொல்லிக்கினு இருந்தியே. எங்க கீது?”

பரிதா சால்னாச் சட்டியைக் கிளறினார்.

“எம் புருசன் வேலை பூட்ச்சு, ஆளும் பூட்ச்சு. உம் புருசன் துட்டு வாங்கலன்னு எந்தப் பேப்பர்காரன் எழ்துவான்?”

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். “எழுதினாங்க கங்கைம்மா. நான்தான் எழுதினேன். தேவானந்தமே படிச்சு, அவர் கையாலேயே கையெழுத்துப் போட்டார். கடைசியில வெட்டிட்டாங்க.”

“செத்தவன் அவனோட சாவு நூஸப் பட்ச்சு கையெய்த்து வேற போட்டானா?” கங்கையம்மாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “மீனுக்கு டிக்கெட் எட்த்த ஆளுதானே இவுரு! ஸார், பாடையில ஏறி உக்காந்து அவனே மோளம் அட்ச்சான்னு சேத்துக்க, இன்னும் நல்லாக்கீது!”

பந்தலே சிரித்தது. பத்துக் கதையில் ஒன்றையாவது இட்டுக்கட்டாமல் சொல்லியிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் தோன்றியது. முப்பது வருஷம் நான் சிரிக்கவைத்த சிரிப்பெல்லாம் வட்டியோடு வந்து பிச்சை வீட்டு வாசலில் இறங்கியது. பரிதா தலை நிமிரவே இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மொஹ்சின் கரண்டியைச் சட்டியில் போட்டான். சத்தத்தில் சிரிப்பு நின்றது.

“சிரிக்காதீங்க கங்கைம்மா,” என்றான். “நான் மேடவாக்கம் போனேன்.”

பரிதா நிமிர்ந்தார்.

“அங்கிள் அந்தத் தாளைக் காட்டின அடுத்த வாரமே போனேன். அவர் பொய் சொல்றார்னு நிரூபிக்கத்தான் போனேன். தாள்ல இருந்தது உங்க கையெழுத்தான்னு கேட்டேன். ஆமாம்பா, மூணு பக்கத்துலயும் போட்டேன்னார். எங்கத்தா எவ்ளோ வாங்கினார்னு கேட்டேன்.” அவன் அம்மாவைப் பார்த்தான். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, டீ வாங்கிக் கொடுத்தேன், நோன்புன்னு அதக்கூடத் தொடாம போனார்னார்.”

யாரும் சாப்பிடவில்லை. கங்கையம்மாளின் கை தட்டிலேயே இருந்தது.

“அப்பவே ஏண்டா சொல்லல?” பரிதாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“பேப்பர்ல வந்துட்டா நான் வாயத் திறக்க வேணாமேன்னு இருந்தேன்மா. வரல. இப்ப நான் சொன்னா, இத்தினி வருஷம் அத்தாகிட்ட பேசாம இருந்தது யாரு தப்பு?” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பவில்லை. சந்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

“அளந்து பாத்துட்டேன். அங்கிள் சொன்னது அத்தனையும் நடந்ததுதான்.”